மூன்றாவது சிலிண்டர்

எண்ணெய் வடித்தபோது வாளி மினுக்கியது,
ஜரிகையைப் பொடித்துத் தூவியதுபோல.
பார்க்க அழகுதான்.
எண்ணெய் அழகாக இருந்தால்
எஞ்சின் செத்துவிட்டது என்று பொருள்.

கெமி நகரம். பிப்ரவரி.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
தங்கை ஹென்னாவின் கராஜில் ஒரே ஒரு ஹீட்டர்.
என் காலுக்கா, எஞ்சினுக்கா என்று தகராறு.
எஞ்சின் ஜெயித்தது.

சம்ப்பைக் கழற்றினேன்.
எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வாயில்
கட்டைவிரல் அகலத்தில் ஒரு சல்லடை.
கண் ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை, அவ்வளவும் கரிப்பாகு.
எனக்கு முன் ஓட்டியவர்
எண்ணெய் மாற்றாமல் மிச்சம் பிடித்த காசெல்லாம்
அங்கேதான் சேர்ந்திருந்தது.
மூன்றாம் பேரிங் செம்பு தெரியத் தேய்ந்து,
கிராங்கின் மேல் பூனை பிறாண்டிய கோடுகள்.
மூன்றாம் பிஸ்டனில் விரிசல்.

காரைச் செய்த கம்பெனி
கதவடைத்துப் போய் வருடங்கள் ஆயின.
என்னிடம் எழுநூறு யூரோ.
நோட்டில் எழுதினேன்:
கிராங்க் கடைய இருநூறு.
பேரிங் தொண்ணூறு.
கேஸ்கெட், ரிங், ஹெட் போல்ட், நூறு நூறாகக் கரைந்தது.
டர்போ: பிறகு பார்க்கலாம்.

டோர்னியோவில் பழைய இரும்பு விற்கும் தைஸ்தோ
பனிக்குள் புதைந்த ஒரு காரின் வயிற்றிலிருந்து
பிஸ்டன் ஒன்று எடுத்துத் தந்தார்.
முப்பது யூரோ. பேரம் பேசினேன்.
இருபத்தெட்டும் ஒரு ரொட்டியும்.

எனக்கு இரவு வேலை, பேக்கரியில்.
விடிகாலை மூன்று மணி,
மாவு பொங்கும் இடைவெளியில்
தராசில் பிஸ்டன்களை ஒவ்வொன்றாக வைத்தேன்.
பழைய மூன்றும் ஒரே எடை.
புதிதாக வந்தது ஒன்பது கிராம் கூடுதல்.
ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, அவ்வளவுதான்.
ஆனால் நிமிடத்துக்கு ஐயாயிரம் முறை
அந்த உப்பை வீசிப் பிடிப்பது யார்?

பகலில் கராஜில் உட்புறத்தை அராவுவேன்.
இரவில் எடை போடுவேன்.
ஏழு. ஐந்து. நான்கரை.
மேற்பார்வை பார்க்கும் சிர்க்கா-லீசா கண்டுபிடித்துவிட்டாள்.
"இதில் ஒரு பொடி மாவில் விழுந்தால்
உன்னை அடுப்புக்குள் வைப்பேன்" என்றாள்.
மறுநாள் கண்ணாடி போட்டுக்கொண்டு
அவளே எண்ணைப் படித்தாள்:
"இன்னும் இரண்டு. அவசரப்படாதே."

டர்போவின் தண்டை விரலால் அசைத்தால் ஆடுகிறது,
விழப்போகும் பல்லைப்போல.
பிடுங்கக் காசில்லை.
மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி
இருந்த இடத்திலேயே உட்கார வைத்தேன்.

ஹெட் போல்ட்டுகளுக்கு முதலில் நாற்பது, அடுத்து அறுபது,
அதன் பிறகு எண் கிடையாது,
கால் வட்டம் திருப்பவேண்டும், அவ்வளவே.
ஹென்னா என் இடுப்பைப் பிடித்துக்கொள்ள
முழு உடம்பாலும் தொங்கினேன்.
பத்தாவது போல்ட் முனகியது.
நாங்கள் இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்பார்க் பிளக் இல்லாமல் முதலில் சுற்றவிட்டோம்.
எண்ணெய் விளக்கு சிவப்பு.
சிவப்பு.
சிவப்பு.
பேட்டரி இளைக்கத் தொடங்கியபோது
அணைந்தது.

பிளக் மாட்டியதும் ஓடியது. சும்மா ஓடியது.
இதற்கா இவ்வளவு என்று தோன்றும் அளவுக்குச் சாதாரணமாக.

ஆயிரம் கிலோமீட்டர் வரை விரட்டக் கூடாது.
வடக்கே போகும் சாலையில்
மரம் ஏற்றிய லாரி என்னை முந்தியது,
பள்ளிக்கூட வேன் முந்தியது,
உள்ளே பிள்ளைகள் கையாட்டினார்கள்.
டர்போவின் முள் படுத்தே கிடந்தது.
என் வலது கால் மட்டும்
கட்டிப்போட்ட நாயாய்ப் பரபரத்தது.

ஏப்ரல். பனி சொட்டுகிறது.
அதே வாளி, அதே கராஜ்.
டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கிறாள் ஹென்னா.
எண்ணெய் தேன் நிறத்தில் இழைகிறது.
"ஒரு துகள்" என்கிறாள். "ஒன்றுதான்."
இரண்டு என்கிறேன் நான்.
"அது உன் டார்ச் வெளிச்சம்."
டார்ச் உன் கையில்தானே இருக்கிறது.

இன்னும் வடிந்துகொண்டிருக்கிறது.